மூன்றாவது பெடல் குறித்து நாமக்கல்லுக்கு ஒரு விளக்கக் கடிதம்

நாமக்கல்லில் லாரிப் பட்டறை நடத்திவரும் பெரியப்பா அவர்களின் சமூகத்துக்கு, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரிலிருந்து தம்பி மகன் வணக்கத்துடன் சமர்ப்பிக்கும் விளக்கம்:

ஆட்டோமேட்டிக் காரைப் பிரித்து, அதில் கிளட்சையும் கையால் போடும் கியரையும் பொருத்துவது எந்த வகைப் பைத்தியம் என்று பெரியப்பா அவர்கள் தொலைபேசியில் எழுப்பிய வினா நியாயமானதே. ஹைட்ரா-மேட்டிக் என்னும் தானியங்கி கியர் பெட்டி 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்ததிலிருந்து இடது காலுக்கு ஓய்வூதியம் வழங்கத் தொடங்கிய நாடு இது. இன்று புதிதாக விற்கும் கார்களில் கிளட்ச் உள்ளவை நூற்றில் ஒன்றிரண்டு தேறினாலே அதிகம். பழைய கார்களிலும் மேனுவல் என்றால் ரசிகர்கள் விலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதே காரின் ஆட்டோமேட்டிக், அதிலும் கியர் பெட்டி தளர்ந்துபோனது, கேட்ட விலைக்குக் கிடைக்கும் என்பதால் சிக்கனக்காரரின் புத்தி அந்த இடைவெளியில் நுழைகிறது.

எடுத்துக்கொண்ட கார் 1974 முதல் 1993 வரை உற்பத்தியில் இருந்த வால்வோ 240. இக்காரின் எஞ்சின் நீளவாக்கில் அமர்ந்து பின்சக்கரங்களைச் சுழற்றுவதால், கியர் பெட்டி எஞ்சினுக்குப் பின்னே தனித்துத் தொங்குகிறது. முன்சக்கர இழுவைக் கார்களில் கியரும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் அடைபட்டிருப்பதால் அவற்றில் இவ்வேலை இன்னும் சிக்கலானது. மேலும், ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள 240இல் கிளட்சை இயக்குவது வெறும் கேபிள்தான். மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், அவற்றிடையே கசியும் குழாய் என்ற செலவுக் குடும்பம் அப்படியே மிச்சம்.

மிச்சம் பிடிப்பதன் மெய்யான இரகசியம், உதிரிகளை ஒவ்வொன்றாக வாங்காமல், மோதியோ துருவேறியோ படுத்துவிட்ட மேனுவல் 240 ஒன்றை முழுதாக வாங்கிவிடுவதில் இருக்கிறது. கியர் பெட்டியை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். பெடல் கூடு, கேபிளைத் தாங்கும் பிடிப்பு, கியர் பெட்டியைச் சுமக்கும் குறுக்குச் சட்டம், நீளம் மாறுபடும் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஆகியவற்றை மறந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கப்பம் கட்ட நேரும். விடுபட்ட சில்லறைச் சாமான்களுக்கு இங்குள்ள காயலான் கடை இருக்கிறது. சிறு நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஸ்பேனரைக் கையோடு எடுத்துவந்து தாமே கழற்றிக்கொள்ளும்படி வாடிக்கையாளரைச் சேற்றுக்குள் அனுப்பிவைக்கும் இந்த ஏற்பாடு, புதுப்பேட்டை வியாபாரிகளுக்கு இன்னும் தோன்றாதது வியப்பு.

இனி ஃபிளைவீல். ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியே கியர் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் என்ற கலம், ஒரு மெல்லிய தகட்டோடு எஞ்சினில் பிணைக்கப்பட்டிருக்கும். அதை நீக்கிவிட்டு, கிளட்ச் பிளேட் அழுந்தி நிற்பதற்கான கனத்த ஃபிளைவீலை அங்கே பூட்ட வேண்டும். அமெரிக்காவுக்கு வந்த 240களில் 1989 முதல் பயன்பட்ட எரிபொருள், தீப்பொறி அமைப்பு, ஃபிளைவீலின் விளிம்பில் உள்ள துளைகளை ஒரு சென்சாரால் எண்ணித்தான் எஞ்சினின் நிலையை அறிகிறது. ஆகவே துளையில்லாத பழைய ஃபிளைவீலை மலிவு என்று மாட்டினால், எல்லாப் போல்ட்டும் இறுகிய பிறகு எஞ்சின் உயிர்பெற மறுக்கும். கிராங்க் ஷாஃப்டின் முனைக் குழியில் பைலட் பேரிங் என்னும் சிறு பேரிங்கையும் பொருத்தியாக வேண்டும். கியர் பெட்டியிலிருந்து நீளும் தண்டின் நுனியைத் தாங்கும் அது ஆட்டோமேட்டிக்குக்குத் தேவைப்படாததால், அந்தக் குழி பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

மின்கம்பி வேலை அற்பமே. பார்க் அல்லது நியூட்ரலில் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரைச் சுழலவிடாத காவல் ஸ்விட்சின் கம்பிகளை இணைத்துவிட்டு, ரிவர்ஸ் விளக்குக்கான கம்பிகளைப் புதிய பெட்டிக்குக் கொண்டுசென்றால் போதும். ஆனால் அதன்பின் கியரில் நிற்கும் காரில் சாவியைத் திருப்பினால் அது துள்ளும் என்பதைப் பட்டறைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரியப்பா அவர்கள் சிரிக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு: எம்47 என்னும் இந்த ஐந்து கியர் மேனுவல் பெட்டிக்குள் ஊற்றுவது ஆட்டோமேட்டிக் பெட்டிக்கான எண்ணெயே. இதற்கு நேர்மாறாக, அண்ணன் பெருமையுடன் படம் அனுப்பிய செலேரியோ ஏஎம்டி, 2014இல் மாருதி இந்தியாவில் அறிமுகப்படுத்திய வகை, உள்ளே முழு மேனுவல். கிளட்சை மிதிக்கும் வேலையையும் கியரை மாற்றும் வேலையையும் ஒரு கருவி ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆக, நாமக்கல்லில் மறைத்துவைத்ததைப் போர்ட்லண்டில் தோண்டியெடுக்கிறார்கள்.

கூலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கே மெக்கானிக்கின் ஒரு மணி நேரம் 100 டாலரைத் தாண்டுவது சாதாரணம் என்பதால், வெளியே கொடுத்தால் காரின் விலையைக் கூலி விழுங்கிவிடும். எனவே, ஊரில் பட்டறைக்குள் கால் வைத்தால் சட்டை அழுக்காகும் என்று ஒதுங்கி நின்ற அதே தம்பி மகன், மழைக்கால ஆரிகனில் ஜாக்கி ஸ்டாண்டுகளில் நிற்கும் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து, கியர் பெட்டியை மார்பில் தாங்க வேண்டியதாயிற்று. தேநீர் வாங்கிவரவும், எட்டாம் நம்பர் ஸ்பேனரைக் கேட்டால் பத்தாம் நம்பரை எடுத்துத் தரவும் ஒரு பையன் இல்லாத தொழிலகம் எவ்வளவு வறுமையானது என்பது அங்கேதான் விளங்கும்.

ஓட்டிப் பார்த்ததில், பெடல்களின் வரிசை ஊரில் உள்ளதே. கியர் மட்டும் வலக்கைக்கு வந்துவிட்டது, முதல் கியர் ஓட்டுநரை விட்டு விலகிப் போகாமல் அவர் முழங்காலுக்கு அருகே வந்து நிற்கிறது. தெருவில் உள்ள அமெரிக்கர் எவரும் இக்காரை நகர்த்த முன்வரவில்லை. சேலத்து ஓட்டுநர் பள்ளியில் அம்பாசிடரில் பழகிய பெரியப்பாவின் மருமகள் மட்டும், எந்த முன்னறிவிப்புமின்றி ஏறி அமர்ந்து, மேட்டில் பின்னால் உருளாமல் எடுத்துக் காட்டினார். அன்று முதல் சனிக்கிழமை மளிகைக்கு 240 அவரிடம் போய்விடுகிறது, தம்பி மகன் ஆட்டோமேட்டிக் வேனில் குழந்தைகளை நீச்சல் வகுப்புக்கு அழைத்துச் செல்கிறார்.