பிரெட்டி ரசிகர் சம்பாஷணை விசாரம்

ஒரு மனிதருடைய குரலை அளப்பதற்கு என்னென்ன உபகரணங்கள் உண்டோ அத்தனையும் கொண்டு குயீன் என்னும் இசைக்குழுவின் பாடகர் பிரெட்டி மெர்க்குரியின் குரலை அளந்தாகிவிட்டது. அன்னார் காலமாகிக் கால் நூற்றாண்டு ஆகும் தறுவாயில், 2016ஆம் ஆண்டில், ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் சிலர் அவர் பேட்டிகளில் பேசிய பேச்சையும் இசைத்தட்டுகளில் தங்கிய பாட்டையும் பகுத்துப் பார்த்து, பேசும்போது அவர் குரல் விநாடிக்குச் சுமார் 117 முறை அதிர்ந்தது என்றும், ஆகவே உச்ச ஸ்தாயியில் சஞ்சரித்த அந்தச் சாரீரம் இயல்பில் கனத்த ஆண்குரலே என்றும், நீட்டிப் பாடும்போது அதன் அசைவு விநாடிக்கு ஏறக்குறைய 7 முறை என்றும் முடிவு கட்டினார்கள். அதனோடு அமையாமல், அவரைப் போலப் பாடவல்ல வேறொரு பாடகரைப் பாடவைத்து, அவருடைய தொண்டைக்குள்ளே காமிராவைச் செலுத்தி, விநாடிக்கு 4,000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்துப் பரிசீலித்தார்கள். அதே ஆண்டில், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருக்கும் 17473ஆம் எண்ணுள்ள சிறுகோளுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இவ்வாறு தொண்டைக்குள்ளும் ஆகாசத்திலும் ஆராய்ச்சி சென்று சேர்ந்துவிட்ட பின்னரும், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பூலோகத்தில் அவருடைய ரசிகர் இருவர் சந்திக்கும்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் என்ற விஷயம் மாத்திரம் எந்தச் சாஸ்திரத்திலும் இடம்பெறாமல் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அக்குறையை நீக்குவதற்கென்று எழுந்தது இச்சிறு நூல்.

எந்த நூலைத் தொடங்கினாலும் அதிகாரி, விஷயம், சம்பந்தம், பிரயோஜனம் என்னும் நான்கையும் முதலில் சொல்லிவிடுவது பெரியோர் மரபு. இந்நூலுக்கு அதிகாரி, குயீன் குழுவின் ரசிகர் ஒருவரையேனும் வீட்டில் வைத்துப் பராமரித்து வருபவர். விஷயம், ரசிகரும் ரசிகரும் கூடியவிடத்து எழும் சம்பாஷணை. சம்பந்தம், அச்சம்பாஷணைக்கும் அருகிலிருந்து அதைக் கேட்க நேர்ந்த மூன்றாமவரின் பொறுமைக்கும் உள்ளது. பிரயோஜனம் யாதொன்றும் இல்லை; ஆயினும் பிரயோஜனமற்ற சாஸ்திரங்களே நெடுங்காலம் நிலைத்திருக்கின்றன என்பதை அறிஞர் அறிவர்.

விசாரணைக்கு வந்த ஐயம்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்த நன்னூலார், அவற்றுள் ஒன்றாகக் 'கூறியது கூறல்' என்பதை வைத்தார். ரசிகர் சம்பாஷணையைச் சற்றுத் தள்ளி நின்று கவனிப்பவருக்கு, அது தொடக்கம் முதல் இறுதி வரையில் இந்த ஒரு குற்றத்தாலேயே கட்டப்பட்டிருக்கிறது என்று தோன்றும். சான்றாக, 1975ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி வெளியான 'பொஹிமியன் ராப்ஸடி' என்னும் பாட்டைப் பற்றி இரண்டு ரசிகர்கள் பேசும் முறையைப் பார்க்கலாம்.

“5 நிமிஷம் 55 விநாடி!” என்பார் முதலாமவர்.

“இவ்வளவு நீளப் பாட்டை ரேடியோவில் எவன் போடுவான் என்றார்களே!” என்பார் மற்றவர்.

“கென்னி எவெரெட் போட்டாரே!”

“ஒரே வாரக் கடைசியில் 14 தடவை!”

“குரல்மேல் குரல் பதித்துப் பதித்து...”

“நாடாவைத் தூக்கிப் பிடித்தால் மறுபுறம் வெளிச்சம் தெரிந்ததாமே!”

“9 வாரம், முதலிடம்!” என்று இருவரும் சேர்ந்து முடிப்பார்கள்.

இவற்றுள் ஒன்றேனும் இருவரில் ஒருவர் அறியாததன்று. அறியாதவர்போல அவர்கள் பாவனை செய்வதும் இல்லை. அறிந்ததை அறிந்தவருக்கு அறிவிப்பதனால் ஆவதென்ன என்பதே ஐயம். இதனைத் தீர்க்குமுன் சம்பாஷணையின் அங்கங்களைத் தனித்தனியே எடுத்து ஆராய்வது முறை.

குலமுறை கிளத்தல்

கம்ப ராமாயணத்தில் ஜனகருடைய சபையில் விசுவாமித்திரர் இராமனது குலமுறையைக் கிளத்தியது, ஜனகருக்கு அது தெரியாது என்பதனால். ரசிகர் குலமுறை கிளத்துவதோ, கேட்பவருக்கு அது நன்றாகத் தெரியும் என்பதனால். 1946ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி ஜான்ஸிபார் தீவில் ஒரு பார்ஸிக் குடும்பத்தில் ஃபரோக் புல்சாரா என்ற பெயரோடு ஜனனம். பஞ்ச்கனி மலையூரில், புனித பீட்டர் பள்ளி விடுதியில் வாசம். அங்கே பள்ளித் தோழர்களோடு 'ஹெக்டிக்ஸ்' என்ற குழுவில் பியானோ வாசித்தது. 1964இல் தீவில் புரட்சி மூளவே குடும்பத்தோடு லண்டனை அடுத்த ஃபெல்தம் சென்றது. ஈலிங் கலைக்கல்லூரியில் சித்திரம் பயின்றது. 1970இல் குயீன் தோன்றியது. கற்ற சித்திரம் வீண்போகாமல் அக்குழுவின் இலச்சினையைத் தாமே வரைந்தது என்று இம்முறை விரியும். இலச்சினையில் வந்து நிற்கும்போது மூத்த ரசிகர் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வார். சிம்ம ராசிக்காரர் இருவருக்கு இரண்டு சிங்கம், கடக ராசிக்காரர் பிரையன் மேக்கு ஒரு நண்டு, கன்னி ராசியில் பிறந்த பிரெட்டிக்கு இரண்டு வனதேவதைகள் என்று அவர் விரல் மடக்கும்போது, மற்றவர் தம்முடைய சட்டையின் மார்பில் அச்சிட்டிருக்கும் அதே இலச்சினையில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக்கொண்டே வருவார்.

மீசை பேதம்

இரண்டாம் அங்கத்தில்தான் சம்பிரதாய பேதம் தலைகாட்டுகிறது. நம்மவரில் வடகலை தென்கலை என்று பிரிவதற்கு நெற்றி காரணமானதுபோல, இவர்கள் பிரிவதற்கு மேலுதடு காரணமாயிற்று. 1980ஆம் ஆண்டில் பிரெட்டி தலைமயிரைக் குறுக்கி மீசை வளர்த்துக்கொண்டு மேடையேறினார். அதைக் கண்டு மனம் பொறாத ரசிகர் சிலர் கச்சேரியின் நடுவே சவரத் தகடுகளை மேடைமேல் வீசி எறிந்து தம்முடைய அபிப்பிராயத்தைத் தெரிவித்தனர். அன்று முதல் முன்மீசையார், பின்மீசையார் என்று இரு கலைகள் ஏற்பட்டன. நீண்ட கூந்தல், கறுப்புச் சாயம் தீட்டிய நகங்கள், ஸாண்ட்ரா ரோட்ஸ் அமைத்துக் கொடுத்த, சிறகுபோல் விரியும் வெண்ணிற மடிப்பு அங்கி ஆகிய இவற்றையே தியான சுலோகமாகக் கொண்டவர் முன்மீசையார். கையில்லாத வெள்ளைப் பனியன், வெளுத்த ஜீன்ஸ், 1986இன் மஞ்சள் மேலங்கி, அதே ஆண்டுக் கச்சேரிகளின் முடிவில் அணிந்து வந்த கிரீடமும் செந்நிறப் போர்வையும் பின்மீசையாருக்கு உரியவை. ஒரு மேஜையில் இவ்விரு கலையாரும் உட்கார்ந்தால் காபி ஆறிப்போகும் என்பது அநுபவ சித்தம்.

எனினும், 2018இல் அவரைப் பற்றி வெளிவந்த சினிமாவில், 1977இல் பிறந்த 'வி வில் ராக் யூ' பாட்டு உருவாகும் இடத்தில் பிரெட்டிக்கு மீசை வைத்துவிட்டார்களே என்ற விஷயம் எழுந்த மாத்திரத்தில் இரு கலையாரும் பேதம் மறந்து ஒரே குரலில் ஆட்சேபிப்பர். முன்மீசையார் அதை அநியாயம் என்பர். பின்மீசையார் அதை அவசரம் என்பர். அது பிழை என்பதில் இருவருக்கும் பிணக்கில்லை.

இரு கலைக்கும் பொதுவாகிய ஆயுதம் அரை மைக் ஸ்டாண்ட். ஆரம்ப காலக் கச்சேரி ஒன்றில், ஸ்டாண்டின் கனமான அடிப்பாகம் கழன்று விழுந்துவிட, மேல்பாதியைக் கையில் பிடித்தபடியே பிரெட்டி பாடி முடித்தார் என்பதும், அதன் பின்னர் முழு ஸ்டாண்டை அவர் விரும்பவேயில்லை என்பதும் ரசிகர் வட்டத்தில் ஐதிகம். அந்தப் பாதிக் குழாய் அவர் கையில் ஒரு கணம் கிதாராகவும், மறுகணம் செங்கோலாகவும், பின்னும் ஒரு கணம் ஈட்டியாகவும் உருமாறியதைப் பல கச்சேரிப் படங்களில் இன்றும் காணலாம். இதிலிருந்து ஓர் அநுமானம் பெறப்படும். அடிப்பாகம் இல்லாத ஸ்டாண்டைத் தரையில் நிறுத்த இயலாது. நிறுத்த இயலாததைப் பிடித்தவர் தாமும் ஓரிடத்தில் நிற்க இயலாது. ஆதலால் மேடையின் இக்கோடிக்கும் அக்கோடிக்கும் அவர் ஓடிய ஓட்டம் முழுமைக்கும் திருகு கழன்ற ஓர் இரும்புத் துண்டே காரணம் என்று கொள்ள இடமுண்டு. தொண்டையை ஆராய்ந்த விஞ்ஞானிகள் இதனைக் கவனியாது விட்டது விசனிக்கத்தக்கது.

ஸ்தல மகிமை

1991ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் தேதி அவர் மறைந்தார். அஸ்தி சேர்ந்த இடம் உலகறிய வெளியிடப்படவில்லை. சமாதி இல்லாத ஒருவருக்கு ரசிகர்கள் தாமே ஸ்தலங்களைத் தேடிக்கொள்ள நேர்ந்தது. லண்டனில் கென்ஸிங்டன் பகுதியிலுள்ள லோகன் பிளேஸில், அவர் குடியிருந்த 'கார்டன் லாட்ஜ்' மாளிகையின் மதிலும் பச்சைக் கதவும் அவ்வாறு ஸ்தலமாயின. வந்தவர்கள் அங்கே பேனாவால் எழுதினார்கள். இடமில்லாதபோது பிறர் எழுதியதன்மேல் எழுதினார்கள். எழுதியதெல்லாம் பெரும்பாலும் ஒன்றேதான்: உம்மை நேசிக்கிறோம் என்பது. கூறியது கூறலுக்கு இதனினும் பெரிய இலக்கியம் காண்பதரிது. ஆயினும் 2023 செப்டம்பரில் சோதபீஸ் நிறுவனத்தார் அவருடைய உடைமைகளை ஏலமிட்டபோது, அந்தக் கிறுக்கல்களோடு கூடிய தோட்டக் கதவு 4,12,750 பவுனுக்கு விலைபோயிற்று. வெறுங்கதவு அந்த விலைக்குப் போகாது என்பதைத் தச்சர் எவரும் சொல்வர். ஆகவே, அந்தத் தொகையில் பெரும்பகுதி பெயர் தெரியாத ரசிகர்களின் கையெழுத்துக்குக் கிடைத்த சன்மானம் என்றே கணக்கில் எழுதவேண்டும்.

மற்றொரு ஸ்தலம் சுவிட்ஸர்லாந்தில், ஜெனிவா ஏரிக்கரையில் உள்ள மாந்த்ரே. அங்கே குயீன் குழுவுக்குச் சொந்தமாக ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. பிரெட்டியின் கடைசிப் பதிவுகளும் அங்கே நிகழ்ந்தன. 1996இல் நிறுவப்பட்ட, ஏறக்குறைய 3 மீட்டர் உயரமுள்ள வெண்கலச் சிலை, ஒரு கையை ஆகாசத்தை நோக்கி உயர்த்தியபடி ஏரியைப் பார்த்து நிற்கிறது. செப்டம்பர் மாதத்தில், ஜன்மதினத்தையொட்டி, ரசிகர்கள் அங்கே திரள்வார்கள். சிலையின் கீழ் நின்று, சிலை உயர்த்திய விதமாகவே தாமும் கையை உயர்த்திப் படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புவோர் இலர்.

பிரமாண விசாரம்

ரசிகருள் மூத்தோர் பிரத்தியட்சப் பிரமாணத்தை உடையவர். அதாவது நேரில் கண்டவர். 1991க்குப் பின் பிறந்தவர்க்கு உள்ளது ஆகமப் பிரமாணம் ஒன்றே. ஆகவே இளையோர் தகுதியில் குறைந்தவர் என்று மூத்தோர் வாதிப்பதுண்டு. ஆனால் விசாரித்துப் பார்க்குமிடத்து, 1985 ஜூலை 13ஆம் தேதி வெம்ப்ளி மைதானத்துக் கச்சேரியில், ஏறத்தாழ 72,000 பேருக்கு நடுவில், முன்னால் நின்றவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மூத்தவர் கண்டது ஒரு வெண்புள்ளி. திரையில் அதே கச்சேரியைக் கண்ட இளையவரோ, பியானோவின் மேல் வரிசையாக வைத்திருந்த பெப்ஸி காகிதக் குவளைகளையும், பிரெட்டியின் மேற்கையில் கட்டியிருந்த குமிழ்ப் பட்டையையும், நெற்றி வியர்வையையும் கண்டவர். மூத்தவர் இருந்தார், காணவில்லை. இளையவர் கண்டார், இருக்கவில்லை. இருவரும் சேர்ந்தாலன்றி ஒரு முழுச் சாட்சி தேறாது. இருவரும் சேர்ந்து பேசுவதற்கு இதுவே சாஸ்திரோக்தமான நியாயம்.

சித்தாந்தம்

இனி எடுத்துக்கொண்ட ஐயத்துக்கு வருவோம். 1977இல் ஸ்டாஃபோர்ட் நகரத்தின் பிங்லி மண்டபத்தில் கச்சேரி முடிந்து குழுவினர் உள்ளே சென்ற பிறகும், கூட்டத்தார் கலையாமல் தாமே ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு நின்றார்கள். இதைக் கேட்ட குழுவினர், கூட்டத்தார் பாட இடம் வைத்தே இனிப் பாட்டுக் கட்டவேண்டும் என்று உணர்ந்தனர். காலால் இருமுறை மிதித்துக் கையால் ஒருமுறை தட்டும் 'வி வில் ராக் யூ' பாட்டின் அந்தப் பிரசித்தமான தாளம் அவ்வாறு பிறந்தது. 1983இல் 'ரேடியோ கா கா' பாட்டுக்குப் படம் பிடித்தபோது ரசிகர் சங்கத்தினரையே வரவழைத்து, தலைக்குமேல் இரு கையையும் உயர்த்தித் தட்டவைத்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுக்குள் வெம்ப்ளியில், குயீன் ரசிகர் அல்லாதாரும் கலந்திருந்த அந்தப் பெருங்கூட்டம் முழுவதும், எவரும் சொல்லிக்கொடாமலே கையை உயர்த்தித் தட்டியது. சங்கத்தார் சிலர் ஒரு நாள் பழகிக்கொண்ட பாடம் உலகத்துக்குப் பாடமாயிற்று.

அந்தப் பாட்டு முடிந்தபின் பிரெட்டி இசைக்கருவி எதுவுமின்றி 'ஏ... ஓ' என்று பொருளற்ற ஒலியொன்றை எழுப்பினார். கூட்டம் அதையே திருப்பிச் சொல்லிற்று. அவர் அதை வளைத்தார், கூட்டமும் வளைத்தது. அவர் மூச்சுக்கு எட்டிய மட்டும் நீட்டினார், கூட்டமும் நீட்டிற்று. சுமார் 21 நிமிஷமே நடந்த அந்த நிகழ்ச்சியில் ரசிகர்கள் இன்றளவும் அதிகமாக நினைவுகூர்வது வார்த்தை ஒன்றும் இல்லாத இப்பகுதியைத்தான். 72,000 பேர் கூறியதையே கூறினார்கள் என்று அன்று எவரும் குற்றம் சாட்டவில்லை. திருப்பிச் சொல்லாதிருந்தால் அதுவே குற்றமாகியிருக்கும்.

ஆகவே, நன்னூலார் விலக்கியது நூலுக்கு. பதில் குரலுக்கு அன்று. ஒரு ரசிகர் '5 நிமிஷம் 55 விநாடி' என்பது செய்தியன்று, அழைப்பு. மற்றவர் '9 வாரம்' என்பது தகவலன்று, பதில். முதற்குரல் கொடுத்தவர் இப்போது இல்லாமையால், ரசிகர்கள் முறை வைத்து அந்த ஸ்தானத்தைத் தாமே வகித்துக்கொள்கிறார்கள். இது சித்தாந்தம்.

மூன்றாமவர்க்கு விதி

இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது கைகளைத் தலைக்குமேல் உயர்த்தக் கண்டால், அருகிலுள்ள தம்ளர்களை உடனே அப்புறப்படுத்துக. பிரெட்டி வளர்த்த பூனைகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினால், டிலைலா முதல் லில்லி வரையில் முடியும் மட்டும் எழற்க. 'இதைப் போன வாரமும் சொன்னீர்களே' என்பது மகா பாதகம், 'அப்புறம்?' என்பது உத்தம பரிகாரம். இப்படிக் கேட்டுக் கேட்டுப் பழகியபின், ஒரு நாள் ரசிகர் வாய்தவறி '5 நிமிஷம் 50 விநாடி' என்று சொல்ல, மூன்றாமவர் சமையலறையில் குழம்பைக் கிளறியபடியே '55' என்று திருத்துவாராயின், அவ்வீட்டில் ரசிகர் தொகை ஒன்று கூடிவிட்டது என்று கொள்க.