சாதனைக்காரன் முதுகுக்குப் பின்னால

ஏலே பேராண்டி, உலக சாதனை செய்யுதவங்களுக்குப் பின்னால நின்னு ஒத்தாசை பண்ணுத கம்பெனியில ஒனக்குச் சோலி கெடைச்சிருக்காமே! ரொம்பச் சந்தோசம். பள்ளிக்கூடத்துலயும் நீ கடைசி பெஞ்சுதான், பழகின எடம். உங்க அப்பனுக்குத்தான் மனசு ஒப்பலை. ‘இம்புட்டுப் படிக்க வச்சது எவனோ ஒருத்தன் மீசையை அளக்கதுக்கா’ன்னு கெடந்து குதிக்கான். அளந்தா என்ன தப்பு? ராஜஸ்தான்காரர் ராம்சிங் சவுகானுக்குப் பதினாலு அடி மீசை. 2010-ல ரோமாபுரிக்கே கூட்டிட்டுப் போயி டிவியில வச்சு அளந்தாங்க. மீசைக்காரர் பேரு கின்னஸ் புஸ்தகத்துல ஏறிருச்சு. நாடாவோட மறு நுனியைப் பிடிச்சவன் பேரை எவனாவது கேட்டானா? கேக்க மாட்டான். இனிமே அந்த மறு நுனிதான் நீ.

ராத்திரி தூக்கம் வராத கிழவன்னு உங்க அம்மை பழைய போனை என் கையில குடுத்து வச்சிருக்கா. அதுல தேடிப் படிச்சுட்டுதான் பேசுதேன், ‘பட்டிக்காட்டான்’னு நெனைச்சுராத. ஒங்க தொழிலோட குலப்பெருமை ஒனக்கே தெரியாது. 1951-ல அயர்லாந்துல வெக்ஸ்ஃபோர்டு பக்கம், கின்னஸ் பீர் கம்பெனி பெரிய அதிகாரி ஹியூ பீவர்னு ஒருத்தர் வேட்டைக்குப் போனாரு. உப்புக்கொத்திப் பறவையைச் சுட்டாரு, படலை. குறி தப்பிருச்சுன்னு பெரிய மனுசன் ஒத்துக்கிடுவானா? ‘ஐரோப்பாவிலேயே மனுசன் வேட்டையாடுத பறவைகள்ல வேகமாப் பறக்குதது எது’ன்னு பேச்சைத் திருப்பிட்டாங்க. வாக்குவாதம் முத்திருச்சு, எந்தப் புஸ்தகத்தைப் புரட்டியும் பதில் இல்லை. பொறவு நாரிஸ், ராஸ் மெக்விர்ட்டர்னு ரெட்டைப் பிள்ளைகளைப் பிடிச்சு, பீர்க்கடை வாய்ச்சண்டையைத் தீக்கதுக்குன்னே ஒரு புஸ்தகம் எழுத வச்சாரு. 1955-ல வந்துச்சு. ஆபீஸ்ல கோட்டு மாட்டினவன் எவனாவது ரொம்ப முறுக்கினா, மனசுக்குள்ள அந்தத் தப்பிச்ச பறவையை நெனைச்சுக்கோ. சிரிப்பை மட்டும் வெளிய காட்டிராத.

நீ போயி நிக்கப் போற எடத்துல மொதல்ல நின்னவங்களைக் கும்பிடணும்னா, அமெரிக்காவுல சான் டியேகோவுல ஒரு பய இருந்தான், அவனைக் கும்பிடு. புரூஸ் மெக்அலிஸ்டர்னு பேரு. 1963 கடைசியில பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்காக அவனும் ரேண்டி கார்ட்னருமா ஒரு கிறுக்குத்தனத்தைத் தொடங்கினானுவ. தூங்காம எம்புட்டு நாள் ஒருத்தன் இருக்க முடியும்னு பாக்கணும். யாரு முழிக்கதுன்னு காசைச் சுண்டிப் போட்டானுவ, ரேண்டி மாட்டிக்கிட்டான். ‘தப்பிச்சோம்’னு புரூஸ் நெனைச்சிருப்பான். எங்க தப்பிச்சான்? தூங்காதவன் தூங்கிராமப் பாக்கணும்னா காவலுக்கு இருக்கவனும் முழிக்கணும்லா! மூணு ராவு போனதும் புரூஸ் சுவத்துல சாஞ்சுக்கிட்டு, நோட்டுல எழுத வேண்டிய குறிப்பைச் சுவத்துலயே எழுதிக்கிட்டிருந்தான். இது வேலைக்கு ஆகாதுன்னு ஜோ மார்சியானோன்னு இன்னொரு கூட்டாளியைச் சேத்துக்கிட்டான். தூக்கத்தை ஆராயுத டாக்டர் வில்லியம் டிமென்ட் ஸ்டான்ஃபோர்டுல இருந்து ஓடியாந்தாரு. கண்ணு சொக்கும்போதெல்லாம் கூடைப்பந்து ஆட வைக்க, பின்பால் ஆட வைக்கன்னு 264 மணி நேரத்தை இழுத்துட்டாங்க. பதினோரு நாள்லே! ரேண்டிக்கு ஒலகம் பூராப் பேரு. சுவத்துல எழுதினவனை இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான் விசாரிச்சிருக்கேன்.

இப்ப அந்தத் தூங்காத சாதனையை கின்னஸ்காரங்க ஏத்துக்கிடுதது இல்லை, ஒடம்புக்குக் கேடுன்னு நிப்பாட்டிட்டாங்க. ரேண்டியையும் வயசான காலத்துல தூக்கம் வராத வியாதி பாடாப் படுத்திருச்சு. எனக்குந்தான் படுத்துது, எந்த டாக்டர் வந்து என்கூட பின்பால் ஆடினாரு?

ஆள் தகுந்தாப்புல நீ நடந்துக்கிடணும். பிரான்சுல கிரெனோபிள் ஊர்ல மிஷெல் லோட்டிட்டோன்னு ஒரு மகராசன், இரும்பும் கண்ணாடியும் தின்னுதவரு. 1978-ல ஒரு செஸ்னா விமானத்தைத் தின்ன ஆரம்பிச்சு 1980-ல முடிச்சாரு. விமானத்தைப் பொடித்துண்டா நறுக்கணும், தொண்டையில வழுக்கிப் போக எண்ணெய் குடிக்கணும், தண்ணி குடிக்கணும். இம்புட்டும் செரிச்ச வயித்துக்கு வாழைப்பழமும் அவிச்ச முட்டையும் ஒத்துக்கிடாதாம்! பாராட்டிப் பித்தளைப் பட்டயம் குடுத்தாங்க, அதையும் தின்னுட்டாரு. இப்படிப்பட்ட ஆள்கூட ஒனக்கு வேலை விழுந்தா ஒன் மோட்டார் சைக்கிளை ரெண்டு தெரு தள்ளி நிறுத்து. ஆசையா ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிட்டும் போயிராத.

புனேக்காரர் ஸ்ரீதர் சில்லால் கதை வேற. பதினாலு வயசுல, வாத்தியார் ஆசையா வளத்த நகத்தைத் தெரியாம ஒடிச்சுட்டாரு. வாத்தியார் ஏசினாரு. அந்த ரோசத்துல 1952-ல எடது கை நகத்தை வெட்டதை விட்டவரு, 66 வருசம் வெட்டலை. வாத்தியார் ஏசினதுக்கு நீயும் ரோசப்பட்டிருந்தா இன்னைக்கு எங்கயோ போயிருப்ப! 2018-ல நியூயார்க்குல எந்திரத்தை வச்சு அறுக்கையில அஞ்சு நகமும் சேந்து 909.6 சென்டிமீட்டர்; முப்பது அடிக்கு ரெண்டு அங்குலம் கொறைச்சல். கைதான் பொறவு விரிக்கவோ மடக்கவோ முடியாமப் போச்சு. நகம் இருந்த காலத்துல தூங்கும்போது அரை மணிக்கு ஒருக்க முழிச்சு, கையைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தூக்கி வைப்பாராம். கட்டிலுக்கு அந்தப் பக்கம் யாரு படுத்திருப்பா? அவரு சம்சாரி. பொண்டாட்டி, பிள்ளைக, பேரப்பிள்ளைக எல்லாம் உண்டு. சாதனைக்காரன் வீட்டுக்கு நாடாவைத் தூக்கிட்டுப் போனா மொதக் கும்பிடு அந்த அம்மைக்குப் போடு. வீட்டுக்குள்ள என்ன நடக்குன்னு அவளுக்குத்தான் தெரியும், காப்பியும் அவதான் தருவா.

ஒன் வேலையில ரொம்பப் பயப்பட வேண்டியது எதுக்குன்னு கேட்டா, குருவிக்கு. சிரிக்காத. நெதர்லாந்துல லியூவார்டன் ஊர்ல 2005 நவம்பர்ல டோமினோ கட்டை சரிக்குத சாதனை. பெரிய மண்டபத்துல நாப்பது லட்சத்துக்கும் மேல கட்டையை ஒண்ணொண்ணா நட்டமா நிறுத்தணும். எளவட்டப் புள்ளைக வாரக்கணக்கா முட்டி தேய மண்டி போட்டு, தும்மலைக்கூட அடக்கிக்கிட்டு அடுக்குதுக. நிகழ்ச்சிக்கு நாலு நாள் இருக்கு. எங்கிட்டிருந்தோ ஒரு சிட்டுக்குருவி உள்ள பூந்து 23,000 கட்டையைத் தட்டி விட்டுருச்சு. மொத்தமும் ஏன் சரியலைன்னு கேளு. நடுநடுவுல வேணும்னே கட்டை வைக்காம எடம் விட்டிருந்தாங்க. ‘எப்படியும் எவனாவது கையைக் காலை வைப்பான்’னு முன்கூட்டியே அவநம்பிக்கைப்பட்டவன் ஒருத்தன் அங்கன இருந்திருக்கான் பாரு, அவன்தான்லே புத்திசாலி. நீ அவனா இரு.

குருவியைப் பிடிக்கப் பாத்தாங்க, சிக்கலை. கடைசியில ஒரு வேட்டைக்காரனைக் கூப்பிட்டு ஏர் துப்பாக்கியால சுட்டுட்டாங்க. அம்புட்டுதான், நாடே கொந்தளிச்சிருச்சு. அந்த ஊர்ல சிட்டுக்குருவி சட்டப்படி காப்பாத்த வேண்டிய இனம். சுட்டவனுக்கு 200 யூரோ அபராதம், கொலை மிரட்டல் வேற. மிச்சக் கட்டையையும் தட்டி விடுதவனுக்குப் பரிசுன்னு ஒரு ரேடியோக்காரர் அறிவிச்சாரு! ஆனாலும் நவம்பர் 18-ல 41,55,476 கட்டை சரிஞ்சு சாதனை ஆயிருச்சு. குருவியைப் பாடம் பண்ணி ரோட்டர்டாம் மியூசியத்துல வச்சாங்க. மண்டி போட்டு அடுக்கினவங்களை எந்த மியூசியத்துலயும் வைக்கலை. இதுல நீ எடுத்துக்கிட வேண்டியது: ஜன்னலைச் சாத்து. அதுக்குச் சம்பளம் தாரான்னா வாங்கிக்கோ.

பொறவு இந்தச் சாட்சி விவகாரம். தொடர்ந்து ஆடுத, பாடுத, ஓட்டுத சாதனைன்னா மணிக்கு அஞ்சு நிமிசம்தான் ஓய்வு. வேணும்னா சேத்து வச்சு எடுத்துக்கிடலாம். எந்த நேரமும் ரெண்டு சாட்சி கண்ணு மூடாம உக்காந்து நோட்டுல எழுதணும். சாட்சிக்கு நாலு மணிக்கு ஒருக்க ஆள் மாறும். சாதனைக்காரனுக்கு ஏது மாத்தாள்! சாட்சியா வாரவன் சொந்தக்காரனா இருக்கப்படாது. நம்ம பக்கம் கல்யாணப் பத்திரிகையில பேரு போடாததுக்கே கோவிச்சுக்கிடுத கூட்டம். ‘மாமா, நீங்க கையெழுத்துப் போட முடியாது’ன்னு சொல்லப் போறது நீதான். தலைக்கு ஒரு துண்டு கட்டிக்கிட்டுச் சொல்லு.

இது வரைக்கும் கேலி. இனிமே சொல்லுததைக் கொஞ்சம் ஒழுங்கா உக்காந்து கேளு. வல்வெட்டித்துறைக்காரர் குமார் ஆனந்தன், ஆழிக்குமரன்னு பேரெடுத்தவரு. 1971-ல இலங்கையில இருந்து நம்ம கரைக்கு நீந்தி வந்து, வந்த கையோட திரும்பியும் நீந்தினாரு. 51 மணி நேரம். ஒத்தைக் கால்ல 33 மணி நேரம் நின்னாரு. 187 மணி நேரம் சைக்கிளை விட்டு எறங்காம ஓட்டினாரு. அப்படிப்பட்ட ஆளு 1984 ஆகஸ்ட்ல இங்கிலீசுக் கால்வாயை நீந்தப் போனாரு. அங்கனயே போயிட்டாரு. அதுக்கு நான் யாரையும் குத்தம் சொல்ல வரலை. அந்தக் கால்வாயில நீந்துதவன்கூட ஒரு படகு வரும். ஓட்டுதவனும் கண்காணிக்குதவனும் இருப்பாங்க. நீந்துதவன் படகைத் தொடப்படாது, படகுக்காரனும் அவனைத் தொடப்படாது, சாப்பாட்டைக்கூடத் தொடாமத்தான் நீட்டணும். தொட்டா நீச்சல் செல்லாது. ஆனா ‘போதும், ஏறு’ன்னு நிறுத்துத அதிகாரமும் அந்தப் படகுக்காரனுக்கு உண்டு. அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லுத தைரியம் ஒனக்கு இருந்தா இந்தச் சோலிக்குப் போ. ஏறி வந்தவன் ஒன்னை ஏசுவான், ஒம் பரம்பரையையே இழுத்து ஏசுவான். ஏசட்டும்லே. ஏசுததுக்கு ஆளு இருக்கான்லா.

கெளம்புததுக்கு முன்னால எனக்கும் ஒரு காரியம் செய்யி. யாரும் கேக்காம யோசனை சொல்லிக்கிட்டே இருக்கதுக்குன்னு ஒரு சாதனைப் பிரிவு இருக்கான்னு ஆபீஸ்ல விசாரி. சாட்சிக்குத்தான் கொஞ்சம் இடைஞ்சல். இந்த ஊர்ல எனக்குச் சொந்தமில்லாதவன் வடக்குப்புஞ்சைக்காரன் ஒருத்தன்தான். வரப்புத் தகராறுல அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. அவன் கையெழுத்துல வாரது கின்னஸே ஆனாலும் எனக்கு வேண்டாம். ஆனா ஒருத்தன் எம்புட்டு வருசமா பக்கத்துப் புஞ்சை வரப்பை ராத்திரியோட ராத்திரியா நகத்திக்கிட்டே வாரான்னு ஒரு சாதனை இருந்தா, அவன் பேரை எழுதிப் போடு. சாட்சிக்கு நான் வாரேன். சொந்தக்காரன் இல்லைலா.