டேப் பிடித்து ஆள் எடுத்த கதை

கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்பது நம்மூர்ப் பழமொழி. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள் என்னவோ வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள்தான்.

அங்குள்ள என்.எச்.எல். லீக்கின் டிராஃப்டில் ஆண்டுதோறும் பதினெட்டு வயசுப் பையன்களை அணிகள் வரிசையாக எடுத்துக்கொள்ளும். தடுப்பாட்டக்காரன் என்றால் முதல் கேள்வி, என்ன உயரம்? அடுத்தது, என்ன எடை? நேரம் மிச்சமிருந்தால், ஆடத் தெரியுமா?

முழு முட்டாள்தனம் என்றும் தள்ளிவிட முடியாது. 1990-களில் எதிராளியை மட்டையால் கொக்கி போட்டு இழுப்பது, கட்டிப்பிடிப்பது, இடித்துச் சாய்ப்பது எதையும் நடுவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. சின்னப் பையன் எவ்வளவு வேகமாக ஓடி என்ன, முதுகில் நூறு கிலோ ஆள் தொங்கிக்கொண்டிருப்பாரே!

சரி, உயரம்தான் எல்லாம் என்றால் ஸ்டேனோ சாரா என்ற தடுப்பாட்டக்காரரைக் கண்டதும் குலவை போட்டிருக்க வேண்டாமா? ஆறடி ஒன்பது அங்குலம்! ஸ்லோவாக்கியாவில் சிறுவயதில் அவரைக் கூடைப்பந்துக்குப் போகச் சொன்னார்கள். 1996 டிராஃப்டில் 55 பேர் போன பிறகுதான் நியூயார்க் ஐலண்டர்ஸ் அவரை எடுத்தது. பெரிய ஆள் வேண்டும், அதற்காக இவ்வளவு பெரிய ஆளா?

எடுத்தவர்களாவது வைத்துக்கொண்டார்களா? 2001-ல் அலெக்ஸி யாஷின் என்ற முன்கள வீரருக்காக சாராவை ஒட்டாவாவுக்குத் தள்ளிவிட்டார்கள். கூடவே இன்னொரு ஆட்டக்காரர். அதுவும் போதாதென்று அந்த வருஷ டிராஃப்டின் இரண்டாம் இடத்தையும் தாரைவார்த்தார்கள். யாஷினுக்குப் பத்து வருஷ ஒப்பந்தம், 8.75 கோடி டாலர். 2007-லேயே 'போதும் சாமி' என்று கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். தீர்த்த கணக்கின் தவணை மட்டும் 2015 வரை ஓடியது. அதற்குள் சாரா 2009-ல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பை வாங்கி, 2011-ல் பாஸ்டன் கேப்டனாக லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையையும் தூக்கிவிட்டார். 2021-ல், அவருக்கு 44 வயசானபோது, ஐலண்டர்ஸுக்கு ஞானம் பிறந்து மறுபடி கூட்டிவந்தது.

மறுகோடியில் பிரையன் ராஃபால்ஸ்கி என்ற தடுப்பாட்டக்காரர். ஐந்தடி பத்து அங்குலம்; அது குள்ளமாம். டிராஃப்டில் ஒருவரும் சீந்தவில்லை. ஸ்வீடன், ஃபின்லாந்து என்று பிழைக்கப் போனவரை 1999-ல் நியூ ஜெர்சி கூப்பிட்டது. அடுத்த வருஷமே ஸ்டான்லி கோப்பை. பிறகு இன்னும் இரண்டு.

2004-05 பருவம் சம்பளச் சண்டையில் முழுசாக முழுகியது. திரும்பி வந்தபோது, கொக்கி போட்டால் தண்டனைப் பெட்டிக்குள் போய் உட்கார் என்று நடுவர்கள் கறாராகிவிட்டார்கள். நீளமாகப் பாஸ் கொடுக்க இருந்த தடையும் போனது. மேலே தொங்கிப் பிழைத்தவர்களுக்கு மூச்சு வாங்கியது.

அப்படியும் டேப்பை யாரும் கீழே வைக்கவில்லை. எனக்குத் தோன்றும் காரணம் இது: ஆறடி நாலு அங்குலப் பையன் சொதப்பினால் 'நம்ம நேரம் சார்' என்று முதலாளியிடம் சமாளிக்கலாம். ஐந்தடி ஒன்பது சொதப்பினால் 'உனக்குக் கண் எங்கே போச்சு?' என்பார். 2023-ல் வேகஸ் அணி நெடுநெடுவென்ற தடுப்பாட்டக்காரர்களோடு கோப்பையை வென்றதும் பழைய பக்தி முற்றியது. முந்தின வருஷம்தான் ஐந்தடி பதினொன்று உயரத் தடுப்பாட்டக்காரர் கேல் மக்கார் கோப்பையோடு நாயகன் விருதையும் சேர்த்து அள்ளியிருந்தார். அது வசதியாக மறந்துபோனது.

அதே 2022-ல் டிராஃப்டுக்கு லேன் ஹட்சன் என்ற தடுப்பாட்டக்காரர் டாக்டர் கடிதத்தோடு வந்தார். ஐந்தடி ஒன்பதைத் தொட முக்கிக்கொண்டிருந்த பையன் இன்னும் வளர்வான் என்று ஹார்மோன் மருத்துவர் எழுதிக்கொடுத்த சான்று! பள்ளிக்கு மட்டம் போட்டவன் நீட்டும் கடிதத்துக்குக் கிடைக்கும் மரியாதைதான் கிடைத்தது. 62-வதாக மாண்ட்ரியல் எடுத்தது. 2025-ல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை அவருக்கு. அந்தப் பருவத்தில் 60 கோல்களுக்கு வழி அமைத்து, புதுமுகத் தடுப்பாட்டக்காரர்களின் பழைய சாதனையையும் எட்டிப்பிடித்தார். மாண்ட்ரியலுக்குக் கழுகுக் கண்ணாம். அந்தக் கழுகு அன்று அவருக்கு முன்னால் வேறு மூன்று பேரைக் கொத்திக்கொண்டு போயிருந்தது.