டச்சுக்காரன் அடித்த ஆணி

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்த முதல் ஆள் நான் இல்லை. முந்நூறு வருஷத்துக்கு முன்பே பெரம்பூரிலிருந்து ஒரு சிறுவன் வந்தான். பிற்காலத்தில் நாட்குறிப்பு எழுதிப் பெயர் பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளைதான் அவர். அவருடைய மாமா நைனியப்ப பிள்ளை இங்கே பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர். கவர்னர் எபேர் அவரைப் பிடித்துச் சவுக்கால் அடித்து உள்ளே போட்டார். 1717இல் சிறையிலேயே இறந்துபோனார். தரகர்களுக்கு இவ்வளவு கடுமை கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். வீடு பார்க்க ஆரம்பித்த மூன்றாம் நாள் அந்த அபிப்பிராயம் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

"வாய்க்காலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா சார்?" என்பதுதான் என் தரகரின் முதல் கேள்வி. பட்ஜெட்டைக்கூட அப்புறம்தான் கேட்டார். கிழக்கே கடலோரமாக வெள்ளைக்காரர் நகரம்: உயர்ந்த மதில், மூடிய கதவு, உள்ளே காகிதப்பூ. மேற்கே தமிழர் தெருக்கள்: திண்ணை, தாழ்வாரம், வருவோர் போவோரை விசாரிக்க ஒரு பாட்டி. தெற்கே காஜியார் வீதி, முல்லா வீதி என்று முஸ்லிம் பகுதி. நடுவே வாய்க்கால். ஊரைப் பிரிக்க வெட்டியதோ, மழைத் தண்ணீர் வடிய வெட்டியதோ, மணம் மட்டும் இரு பக்கத்துக்கும் பாரபட்சமில்லாமல் வருகிறது.

"முந்நூறு வருஷத்து பிரெஞ்சு வீடு சார்" என்று ஒரு மாடியைக் காட்டினார். அங்கேதான் எனக்கும் அவருக்கும் தகராறு. இந்த ஊரே பலமுறை குடித்தனக்காரர் மாறிய வாடகை வீடு. 1674இல் பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் பால் காய்ச்சினார். 1693இல் டச்சுக்காரர்கள் அவரைக் காலி செய்ய வைத்து உள்ளே வந்து, அளவுகோல் வைத்துத் தெருக்களுக்கு நேர்கோடு கிழித்தார்கள். இன்று சுற்றுலா வழிகாட்டிகள் பிரெஞ்சு நேர்த்தி என்று கைகாட்டும் அந்தத் தெருக்களின் வரைபடத்தைப் போட்டது டச்சுக்காரன். ஐரோப்பாவில் சமாதானம் ஆனதால் 1699இல் ஊரைத் திருப்பிக் கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை, தாங்கள் கட்டிய கோட்டை வேலைகளுக்குக் காசு வாங்கிக்கொண்டுதான் சாவியைத் தந்தார்கள்.

அடுத்து ஆங்கிலேயர். லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி 1758இல் கடலூர்ப் பக்கம் போய், தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் கோட்டையைத் தரைமட்டமாக்கிவிட்டு வந்தார். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து அந்தக் கடனை வட்டியோடு தீர்த்தார்கள்: கோட்டை, கவர்னர் மாளிகை, வெள்ளைக்காரர் வீடுகள் எல்லாம் காலி. நாட்குறிப்புப் பிள்ளை அதே ஜனவரியில் கண்ணை மூடிவிட்டார். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். பிரெஞ்சுக்காரர் 1765இல் திரும்பி வந்து மறுபடி கட்டினார்கள். 1778, 1793 என்று ஆங்கிலேயர் வருவதும் போவதுமாக இருந்து, 1816இல்தான் ஒருவழியாக விட்டார்கள். "ஆகவே, கிழக்குப் பக்கம் முந்நூறு வருஷத்து வீடு என்றால், ஆங்கிலேயன் இடிக்க மறந்த வீடு" என்றேன். தரகர் வாடகையில் ஐந்நூறு குறைத்தார். சரித்திரம் படித்ததால் எனக்குக் கிடைத்த ஒரே வருமானம் அதுதான்.

வாய்க்காலைத் தாண்டுவது எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பியர் மாதிரி சப்பாத்து மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் நுழைந்தார். நீதிபதிக்கு அது பொறுக்கவில்லை. கால் சமாச்சாரம் கடல் தாண்டி பாரிஸின் உச்ச நீதிமன்றம் வரை போனது, பிள்ளை ஜெயித்தார். 1881இல் சொந்தச் சாதி, சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறலாம் என்று ஆணை வந்தபோது முன்வரிசையில் நின்று, குடும்பப் பெயராக லாபோர்த் என்று வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். அவ்வளவு நேரம் வெளியே நிறுத்தி வைத்தால் வேறு என்ன பெயர் தோன்றும்?

கடைசிக் குடித்தனக்காரர் காலி செய்தது 1954இல். கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டதில் 170 பேர் இந்தியா என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். எந்த அபார்ட்மென்ட் கூட்டத்திலும் அந்த எட்டுப் பேரை இன்றும் பார்க்கலாம்.

நான் கடைசியில் மேற்குப் பக்கமே வீடு எடுத்தேன். திண்ணை இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா; பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு யூரோவில் பென்ஷன் வாங்கும் பெரியவர். யூரோ ஏறினால் அன்று சிரித்த முகம்.

வீட்டுக்கார அம்மா பதினொரு மாத ஒப்பந்தத்தை நீட்டி, "எத்தனை வருஷம் இருப்பீங்க தம்பி?" என்று கேட்டார்.

"டச்சுக்காரனைவிட ஒரு வருஷமாவது கூட இருப்பேம்மா."

அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பேனாவை வாங்கி அடியில் ஒரு வரி சேர்த்தார்: காலி செய்யும்போது ஆணி அடித்ததற்கெல்லாம் காசு கேட்கக் கூடாது.