ஓடாத திருடனைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: வேலையில் சேரும்போது பெற்ற பயிற்சி, ஒரு காவலருக்கு ஓய்வுபெறும் வரை போதாதா?
- வாசகர், தேனி

பதில்: திருடன் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் போதும். இன்றைய திருடன் ஓடுவதே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுகிறான். அவனைப் பிடிக்கக் கால் பலம் உதவாது. அதற்காகவே மத்திய உள்துறையின் ‘சைட்ரெயின்’ தளம் இருக்கிறது. சைபர் குற்றப் புலனாய்வை இணையவழியில் படித்துச் சான்றிதழும் பெறலாம்.

சட்டமும் மாறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் பறிமுதலையும் வீடியோவாகப் பதிவு செய்யச் சொல்கிறது. கைப்பேசி எல்லாரிடமும் உண்டு. நீதிமன்றத்தில் நிற்கும்படி பதிவு செய்யப் பழக வேண்டுமே! அங்கே சறுக்கினால் குற்றவாளிக்குத்தான் கொண்டாட்டம்.

ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கு ஐதராபாத் போலீஸ் அகாடமியில் பணியிடைப் பயிற்சி உண்டு. ஆனால், தெருவில் மக்கள் அன்றாடம் சந்திப்பது காவலரைத்தான். மனித நடத்தையைப் புரிந்துகொள்ளும் பயிற்சி போலீசுக்கு வேண்டும் என்று 1970-களிலேயே, போலீஸ் பயிற்சியை ஆராய்ந்த கோரே குழு சொல்லிவிட்டது. பந்தோபஸ்து முடிந்து களைத்து வருபவரிடம் ‘படி’ என்றால் எப்படிப் படிப்பார்? பயிற்சி நாளையும் பணி நாளாகவே கணக்கிட்டு அனுப்புங்கள், அதிகாரிகளே!