பேர் மட்டும் ஞாபகம் இல்லை, மேடம்

வெள்ளானூரில் மனை வாங்கிக் குடிவந்தவர்களுக்குக் குறைவில்லை. திருநெல்வேலியிலிருந்து ஆவடி டாங்கி ஃபேக்டரி வேலைக்கு வந்தவர், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு லேத் ஓட்ட வந்தவர், இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்த வந்தவர் என்று ஊரே ஒரு கதம்பம். வரும்போது பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் லாரியில் பத்திரமாக வந்து சேர்ந்தன. சின்ன வயசில் படித்த புத்தகம் மட்டும் சொந்த ஊரிலேயே நின்றுவிட்டது. அது இருந்த டிரங்குப் பெட்டியைச் சித்தி எந்தப் பொங்கலுக்கு எடைக்குப் போட்டாரோ தெரியாது. ஐம்பது வயசைத் தாண்டிய ஒரு மத்தியானம், மோர்சாதம் சாப்பிட்டுப் படுத்திருக்கையில் திடீரென்று அந்தப் புத்தகம் கண்முன் வந்து நிற்கும். அட்டை, படம், வாசனை எல்லாம் வரும். பேர் மட்டும் வராது. சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் நேரே போகிற இடம் நூலகம். அங்கே அவர் பார்க்கிற ஆள், சிறுவர் பகுதி மேடம்.

எந்த நூலகத்து மேடம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் கூட்டம் கூடிவிடும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று எந்தக் கிளை நூலகத்திலும் இருக்கலாம். பெருக்குவதிலிருந்து பதிவேடு எழுதுவது வரை ஒற்றை ஆளாகப் பார்க்கிற ஊர்ப்புற நூலகராகவும் இருக்கலாம். அடையாளம் வேண்டுமானால் தருகிறேன். மேஜை மேல் தேதி முத்திரையும் மை காய்ந்த ஸ்டாம்ப் பேடும் இருக்கும். எத்தனை கூட்டத்திலும் சிறுவர் அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டார். யாராவது உள்ளே வந்து தலையைச் சொறிந்தால், "உட்காருங்க, எந்த வருஷம்?" என்பார்.

நூலகத் துறைக்கே தலைமகனான சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகள் வகுத்துக் கொடுத்தார். அவற்றில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. மேடம் மற்ற நாலு விதிகளுக்கும் கட்டுப்பட்டவர். இந்த நான்காவதை மட்டும் தினமும் மீறுவார். அவர் நாற்காலியைக் காட்டிவிட்டால் உங்கள் ஒரு மணி நேரம் போச்சு. உங்கள் பள்ளிக்கூடம், வாத்தியார், அந்த வருஷம் வந்த பெரியம்மை, லீவுக்குப் போன ஊர் எல்லாவற்றையும் கறந்துவிட்டுத்தான் புத்தகத்துக்கே வருவார்.

வாசகர் அடித்துச் சொல்வதை நம்பக்கூடாது, போகிறபோக்கில் முணுமுணுப்பதை விடக்கூடாது என்பது அவருடைய சொந்தச் சட்டம். வருகிறவர்கள் அடித்துச் சொல்வது பெரும்பாலும் அட்டையின் நிறத்தை. "நல்லா ஞாபகம் இருக்கு மேடம், நீல அட்டை." மேடம் பேனாவைத் தொடக்கூட மாட்டார். நூலகப் புத்தகத்தின் அட்டை கிழிந்தால் அது பைண்டரிடம் போகும். அவர் கையில் அன்றைக்கு எந்த காலிகோத் துணி மிச்சமோ, அதுதான் புத்தகத்தின் நிறம். ராஜா ராணிக் கதையும் நெல் சாகுபடிக் கையேடும் ஒரே நீலத்தில் திரும்பி வரும். அதனால் நீலம் என்று நீங்கள் சொன்னால், ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு பைண்டர் நீலத்துணி வாங்கியிருந்தார் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியவரும்.

அடுத்தபடியாக ஆசிரியர் பேர். "ஏதோ மாமா எழுதினது" என்று ஆரம்பிப்பார்கள். தமிழ்ச் சிறுவர் உலகத்தில் மாமாக்களுக்குப் பஞ்சமில்லை. வாண்டுமாமா நிஜமான மனிதர். வி. கிருஷ்ணமூர்த்தி என்பது அவர் பேர், 1925இல் பிறந்து 2014இல் மறைந்தவர், பூந்தளிரின் ஆசிரியராக இருந்தவர். அம்புலிமாமாவோ 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை. "அந்த அம்புலிமாமாங்கறவரு இன்னும் இருக்காரா மேடம்?" என்று கேட்பவர்களும் உண்டு. மேடம் சிரிக்க மாட்டார். "ராத்திரி மொட்டைமாடிக்குப் போனீங்கன்னா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அம்புலிமாமா என்று குறித்துக்கொள்வார்.

மாயாவி விவகாரம் இதைவிடச் சிக்கலானது. போன வாரம் எஸ்டேட்டில் வேலை பார்க்கிற ஒருவர் வந்தார். ஐம்பதைத் தொட்டவர், சட்டைப் பையில் வெர்னியர் செருகியிருந்தது.

"மாயாவி கதை மேடம். சின்ன வயசுல படிச்சது."

"கை இரும்பா, மூஞ்சியில முகமூடியா?"

"முகமூடி. காட்டுல இருப்பாரு. மண்டையோட்டுக் குகை."

"அப்ப ராணி காமிக்ஸ். நீங்க முத்து காமிக்ஸ் படிச்சிருந்தா இதே ஆளை வேதாளர்னு சொல்லியிருப்பீங்க."

"வேதாளமா? முருங்கை மரத்துல தொங்குமே?"

"அது அம்புலிமாமா. அது வேற டிபார்ட்மெண்ட்."

அவர் குழம்பியதில் தப்பே இல்லை. 1972இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவியை இறக்கியது. அவர் இங்கிலாந்துச் சரக்கு. மின்சாரம் பாய்ந்தால் கையைத் தவிர உடம்பெல்லாம் மறைந்துவிடும். அமெரிக்காக்காரர்கள் உருவாக்கிய முகமூடி வீரருக்கு முத்து வைத்த பேர் வேதாளர். 1984இல் வந்த ராணி காமிக்ஸ் அதே வீரரை மாயாவி என்று கூப்பிட்டது. ஆக, இரண்டு மாயாவிகள், அவர்களில் ஒருவர் வேதாளர், அவருக்கும் விக்கிரமாதித்தன் தோளில் ஏறுகிற வேதாளத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இந்த வம்சாவளியை மூச்சு விடாமல் ஒப்பிக்கக் கூடியவர் வெள்ளானூர் வட்டாரத்திலேயே மேடம் ஒருவர்தான். வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று அந்தக் காலத்தில் நூலகங்கள் காமிக்ஸை வாசற்படி ஏற்றியதில்லை. நூலகத்தில் இல்லாத புத்தகத்தைத் தேடி அந்த மனிதர் நூலகத்துக்கு வந்திருக்கிறார். மேடம் அதைச் சொல்லி அனுப்பிவிடவில்லை. இரும்புக்கை என்றால் சிவகாசி மறுபதிப்பு, முகமூடி என்றால் பழைய புத்தகக்காரர் என்று பிரித்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நாடி பிடித்துச் சீட்டு எழுதும் நாட்டு வைத்தியர் மாதிரி அதைக் கிழித்து நீட்டியபோது அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

டாங்கி ஃபேக்டரியில் ரிடையர் ஆனவர்கள் தனி ரகம். 1965இல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்த கதையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் போலச் சொல்வார்கள், எந்த போல்ட் எந்த அளவு என்பது உள்பட. படித்த கதையில் கதாநாயகன் பேரைக் கேட்டால், "ஒரு பையன்" என்பார்கள். இவர்களிடம் மேடம் கேட்கிற கேள்வி வேறு.

"கதைக்கு நடுவுல விளம்பரம் வந்துச்சா சார்?"

"ஆமா மேடம், கிரைப் வாட்டர் விளம்பரம்! குண்டுக் குழந்தை படம். எப்படித் தெரியும் உங்களுக்கு?"

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார். நோய் பிடிபட்டுவிட்டது. அது புத்தகமே இல்லை. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பாட்டியோ அத்தையோ ஊசி நூலால் தைத்து, மாவுப் பசை தடவிப் பழைய காலண்டர் அட்டை போட்ட பைண்டிங். அதற்குத் தலைப்புப் பக்கம் இருக்காது. பதிப்பகம் இருக்காது. முதல் அத்தியாயமும் இருக்காது, ஏனென்றால் கதை நன்றாக இருக்கிறது என்று அத்தைக்குத் தெரியவந்ததே மூணாவது வாரம்தான். நடுவில் ஓர் இதழை எதிர்வீட்டு மாமி வாங்கிப் போய்த் திருப்பித் தந்திருக்க மாட்டார். ஒரு பக்கத்தின் பின்புறம் பாதி ஜோக் இருக்கும், மீதி வேறொருவர் வீட்டு பைண்டிங்கில் இருக்கும். உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி. இதை எந்த நூலகத்திலும் தேட முடியாது, எந்தக் கதை என்றுதான் கண்டுபிடிக்க முடியும். சார் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். "நான் வீட்டு வரி கட்டுறேன் மேடம். ரூபாய்க்கு 10 காசு நூலக வரி போகுது. கண்டுபிடிச்சுக் குடுங்க" என்பார். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டு வந்தபோது, அத்தை தைத்த பைண்டிங்குக்கும் அது பொறுப்பேற்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மேடம் தன் வாழ்நாள் சாதனை என்று சொல்லிக்கொள்வது ஒரு கல்லூரிப் பேராசிரியையின் வழக்கு. அந்த அம்மாள் வந்து சொன்னது இவ்வளவுதான்: "ஒரு சின்னப் பையன், புதுப் பந்தை ஓடற காருக்கு அடியில போடுவான். ஆனா அந்தப் பையன்தான் அப்பா."

"யாருக்கு அப்பா?"

"அது தெரியல. பையன்தான் அப்பா. பந்து வெடிச்சிடும்."

பக்கத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவர் தாளைத் தாழ்த்திப் பார்த்தார். மேடம் அசரவில்லை.

"பேப்பர் எப்படி இருந்துச்சு?"

"கனமா இருந்துச்சு. மோந்து பாத்தா ஒரு வாசனை. எங்க ஊருக்கு வேன் வந்து விப்பாங்க, ரொம்பச் சீப்பு."

"அந்தப் பையன் பெரியவனானா என்ன ஆகணும்னான்?"

பேராசிரியை கண்ணை மூடி யோசித்தார். "ராத்திரி வாட்ச்மேன். அப்புறம் ஐஸ்கிரீம் விக்கணும். அப்புறம்… சொன்னா சிரிப்பீங்க, நாயா ஆகணும்னான்."

மேடம் சிரிக்கவில்லை, எழுந்து நின்றுவிட்டார். கனத்த காகிதம், வாசனை, வேன், மலிவு விலை என்றால் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்ற சோவியத் புத்தகம். பையன்தான் அப்பா என்றால் அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதிய 'அப்பா சிறுவனாக இருந்தபோது'. தமிழாக்கியவர் நா. முகம்மது செரீபு. பேராசிரியை ஒத்துக்கொள்ளவில்லை. "இல்ல மேடம், அது நம்ம ஊர்க் கதை. அந்தப் பையன் எங்க தெருப் பையன் மாதிரியே இருப்பான்" என்று வாதாடினார். மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிடப் பெரிய விருது யாரும் தந்திருக்க முடியாது. பந்துக் கதை அந்தப் புத்தகத்தின் முதல் கதை. அதைத் திறந்து காட்டிய பிறகு பேராசிரியை வாயடைத்துப் போனார். பிறகு பத்து நிமிஷம், தன் அப்பா எப்படி அந்தப் பையனைப் போலவே இருந்தார் என்று விவரித்தார். மேடம் அதையும் எழுதிக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். "இதே புத்தகத்தை இன்னொருத்தர் கேட்டு வருவாங்க. அவங்க பந்தைச் சொல்ல மாட்டாங்க, நாயைச் சொல்லுவாங்க" என்றார்.

இதற்கெல்லாம் அரசாங்கம் தனிப்படி தருவதில்லை. நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு மேடம் ஆவடியில் மின்சார ரயில் ஏறுவார். அந்த ரயில் போய் நிற்கிற இடத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட் வளாகம் என்றுதான் பேர். பழைய புத்தகத்துக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. இடத்தை ரயில்வே எடுத்துக்கொண்டது, வியாபாரிகள் அல்லிக்குளம் பக்கம் போனார்கள். ஆவடிக்காரர்கள் ஆபீஸுக்கு ஓடுகிற பிளாட்பாரத்தில் இறங்கி, மேடம் பழைய புத்தகக்காரர்களை நோக்கி நடப்பார். அங்கே கிடைக்காவிட்டால் எழும்பூரில் 1896இலிருந்து இயங்குகிற கன்னிமாரா. அங்கும் இல்லை என்றால் பறக்கும் ரயில் பிடித்துத் தரமணி, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் காகிதத் துண்டைக்கூட விடாமல் சேர்த்து வைத்ததிலிருந்து உருவான இடம் அது. அந்த மனிதரைப் பற்றி மேடம் பேசும்போது குரல் தாழும். "எங்க அத்தைகள் எடைக்குப் போட்டதையெல்லாம் அவரு வாங்கி வெச்சிருக்காரு" என்பார்.

புத்தகம் கிடைத்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். புத்தகத்தைக் கையில் வாங்கியதும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், "இது இல்ல மேடம்" என்கிறார்களாம். "அது இன்னும் பெரிசு. படமெல்லாம் கலர்ல இருந்துச்சு." மேடம் வாதாட மாட்டார். "எடுத்துட்டுப் போய் வீட்டுல படிச்சுப் பாருங்க, இல்லைன்னா திருப்பிக் குடுங்க" என்பார். அதற்கும் கணக்கு வைத்திருக்கிறார். உரியவர் நாலாவது பக்கம் தாண்டமாட்டார், போன் வந்துவிடும். பக்கம் பக்கமாகப் படித்து முடித்து, நல்ல கதை என்று பாராட்டித் திருப்பித் தந்தால், அது நிஜமாகவே அவர் தேடிய புத்தகம் இல்லை. மேடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

உங்களுக்கும் அப்படி ஒரு புத்தகம் இருந்தால் தயங்காமல் போங்கள். அட்டை நிறத்தைச் சொல்லாதீர்கள். மாமா என்றால் எந்த மாமா என்று வீட்டிலேயே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். பேப்பரை மோந்து பார்த்த ஞாபகம் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். கிடைத்த புத்தகத்தைக் கெடு தேதிக்குள் திருப்பித் தந்துவிடுங்கள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய விஷயத்தில் நீங்கள் எத்தனை தடுமாறினாலும் மேடம் பொறுத்துக்கொள்வார். தாமதக் கட்டணக் கணக்கில் மட்டும் அவர் ஞாபகத்தில் ஒரு நாள்கூடப் பிசகாது.