தங்கமான மனுஷன்

‘வாய் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார், தங்கமான மனுஷன்’ என்று அக்கம்பக்கம் நற்சான்றிதழ் கொடுத்து வைத்திருக்கிறதே, அவரேதான். வீட்டில் சண்டை வந்தால் கத்துவதில்லை. மௌன விரதம் ஆரம்பித்துவிடும். விரதத்தில் பிள்ளைக்கு மட்டும் விலக்கு. ‘உங்கம்மாகிட்ட சொல்லு, சிலிண்டர் நாளைக்குத்தான் வருமாம்.’ உங்கம்மா மூன்றடி தள்ளி உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார். பிள்ளை திரும்பி வாயெடுப்பதற்குள், ‘கேட்டுச்சு. அதுக்குள்ள கேஸ் தீர்ந்தா ராத்திரிக்குப் பழைய சோறுதான்னு சொல்லு உங்கப்பாகிட்ட.’ தபால்காரருக்கு ஞாயிறு விடுமுறை. இந்தப் பிள்ளைக்கு அன்றைக்குத்தான் பட்டுவாடா அதிகம், இருவரும் வீட்டில் இருக்கிறார்களே! கொஞ்சம் விவரம் தெரிந்ததும் அது கடுஞ்சொற்களைக் கழித்துவிட்டுச் சேதி சொல்லப் பழகிக்கொள்கிறது.

பேசாதவர்மேல் என்ன தப்பு, அந்தம்மாதானே விடாமல் நச்சரிக்கிறார் என்பார்கள் அவர் கட்சிக்காரர்கள். நச்சரிப்பது உண்மைதான். ஆனால் அவர் நழுவ நழுவ இவர் துரத்துகிறார், இவர் துரத்தத் துரத்த அவர் நழுவுகிறார்; முதலில் யார் என்று பஞ்சாயத்து வைத்தால் விடியாது. உளவியலாளர்கள் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹீவியும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், மனைவி ஒரு மாற்றம் கேட்கும் பேச்சுகளில்தான் கணவர் நழுவுவது தூக்கலாகத் தெரிந்தது. இருப்பது இருந்தபடியே இருந்தால் யாருக்கு வசதியோ அவர் ஏன் வாயைத் திறக்கப்போகிறார்? பிறவிக் குணம் என்றும் சொல்ல முடியாது. சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடட்டும், பேச்சு எப்படிக் கொட்டுகிறது என்று பாருங்கள்.

‘பேசினா பெருசாகும்னுதான் பேசல’ என்கிறாரே என்றால், அதில் பாதி நியாயம் இருக்கிறது. தம்பதிகளின் சண்டைகளை இதயத்துடிப்போடு சேர்த்து அளந்த ஜான் காட்மன், இப்படிக் கல்லாய் உட்காருபவர்களின் துடிப்பு பலநேரம் நிமிடத்துக்கு 100ஐத் தாண்டுவதைக் கவனித்தார். வெளியே புத்தர், உள்ளே மிக்ஸி. பாவம்தான். அதற்குக் காட்மன் சொல்லும் வழி, குறைந்தது 20 நிமிடம் விலகியிருந்துவிட்டுத் திரும்பி வந்து பேசுவது. நம்மவர் ஞாயிறு மதியம் விலகினால் புதன்கிழமைதான் தரிசனம், அதுவும் ஒன்றுமே நடக்காததுபோல ‘காபி இருக்கா?’ என்று. கேட்ட விஷயம் கேட்ட இடத்திலேயே கிடக்கும். அடுத்த மாதம் அதே சண்டை, அதே பட்டுவாடா. ‘தலை கொதிக்குது, எட்டு மணிக்குப் பேசலாம்’ என்று சொல்லிவிட்டுப் போனால் யாரும் கையைப் பிடித்து இழுக்கப்போவதில்லை. எட்டு மணிக்கு வர வேண்டும். பிள்ளையை அனுப்பக் கூடாது.